லைவ் நின்றால் முதலில் எங்கே பார்ப்பது? மண்டபம், கூத்துத் திடல், தேர்வீதி நேரலைக்கான பிழை நீக்கும் வழிமுறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணமும் கோயில் திருவிழாவும் இரவுக் கூத்தும் யூடியூபில் லைவ் கொடுப்பவர்களின் செட்டப் பெரும்பாலும் ஒன்றுதான். கேமரா ஒன்று அல்லது இரண்டு, கேமரா படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு, ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள் ஓடும் லேப்டாப், சிம் போட்ட ரவுட்டர். அதில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளைப் பார்ப்பவர்கள் போனில் சொல்லும் வார்த்தையிலேயே கீழே பிரித்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், பணம் கேட்பது கடைசியில்.

## எந்தக் கோளாறானாலும் முதல் ஒரு நிமிடம்

போன் வந்ததும் பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் டேட்டா அளவை) குறைப்பது, கேபிளைப் பிடுங்கி மாட்டுவது, ஓபிஎஸ்ஸை மூடித் திறப்பது எல்லாம் வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பாதியும் அதில் கெட்டுப்போகும். படம் எந்த இடத்தில் கெடுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மூன்று இடங்களில் பார்த்தால் போதும்.

ஓபிஎஸ் திரையில் தெரியும் பிரிவியூவே கெட்டிருந்தால் குற்றம் கேமரா, கேபிள், கேப்சர் கார்டு, மேடை விளக்கு இவற்றில் ஒன்றில். நெட்டைப் பார்க்கவே வேண்டாம்.

பிரிவியூ நன்றாக இருந்து, லேப்டாப்பில் ஓடும் உள்ளூர்ப் பதிவு திக்கினால் லேப்டாப் திணறுகிறது.

பிரிவியூவும் பதிவும் சுத்தமாக இருந்து, கையில் இருக்கும் போனில் மட்டும் நின்று நின்று வந்தால் நெட்தான். அந்தப் போன் வேறு கம்பெனி சிம்மின் டேட்டாவில் இருக்க வேண்டும். லைவ் போகும் அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் நீங்களே லைனை அடைக்கிறீர்கள்.

உங்கள் போனில் சரியாக ஓடுகிறது, துபாயில் இருக்கும் மாமாவுக்கு மட்டும் நிற்கிறது என்றால் அது அவர் வீட்டு நெட். செட்டிங்கைத் தொடாதீர்கள். படத்தரத்தை 360க்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்காகவே உள்ளூர்ப் பதிவு எப்போதும் ஓட வேண்டும். பதிவின் தரத்தை 'சேம் ஆஸ் ஸ்ட்ரீம்' என்று விட்டால் லைவுக்குப் போகும் அதே குறைந்த பிட்ரேட் படம்தான் பதிவாகும். லேப்டாப்புக்குத் தெம்பு இருந்தால் பதிவுக்குத் தனியாக உயர்ந்த தரம் கொடுங்கள். பார்ட்டிக்குக் கொடுக்கவும் அது உதவும்.

ஓபிஎஸ்ஸில் 'டாக்ஸ்' மெனுவில் 'ஸ்டேட்ஸ்' திறந்து ஓரமாக வையுங்கள். அதில் மூன்று எண்கள் முக்கியம். ரெண்டரிங் லேக் ஏறினால் கிராபிக்ஸ் திணறுகிறது. என்கோடிங் லேக் ஏறினால் பிராசஸர் திணறுகிறது. டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறினால் நெட். எண் ஒரு தடவை குதித்து நின்றுவிட்டால் விடுங்கள். தொடர்ந்து ஏறினால்தான் வேலை.

## "வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது"

எல்லாருக்கும் நிற்கிறது, டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறுகிறது.

### ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நன்றாக ஓடி நின்றால்

முதலில் டேட்டா மீதியைப் பாருங்கள். படத்துக்கு 3000, ஒலிக்கு 128 கேபிபிஎஸ் என்று அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜிபி போகும். நாளைக்கு 2 ஜிபி பேக் என்றால் 85 நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் ஒலிகூடப் போகாது.

இரவுக் கூத்தில் இது விசித்திரமாகத் தெரியும். பத்து மணிக்கு ஆரம்பித்த லைவ் பதினொன்றரைக்குச் சாகும், பன்னிரண்டு மணிக்கு மேல் தானாக உயிர் பெறும், ஒன்றரைக்கு மறுபடி சாகும். டவர் கோளாறு என்று ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். நள்ளிரவில் அன்றைய கணக்கு புதிதாகத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எட்டு மணி நேரக் கூத்துக்கு 3000 கேபிபிஎஸ்ஸில் 11 ஜிபிக்கு மேல் வேண்டும். 1500 கேபிபிஎஸ் என்றால் 6 ஜிபி. தினசரிக் கணக்கில்லாத மொத்த டேட்டா பேக்கை முன்கூட்டியே போட்டு வையுங்கள். 5ஜியில் கணக்கில்லை என்று சொல்லும் பிளானை நம்பி இறங்காதீர்கள். போன் 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து தினசரிக் கணக்கு ஓடும், ஊர்ப்புறத்தில் அது அடிக்கடி இறங்கும்.

### ஆரம்பத்திலிருந்தே விட்டு விட்டு வந்தால்

ரவுட்டர் எங்கே இருக்கிறது? தகரக் கூரை மண்டபத்தின் நடுவில், மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் சிக்னல் பாதிதான் வரும். ஜன்னலோரம், மாடிப்படி, மொட்டை மாடி என்று வெளியே கொண்டுபோங்கள். அங்கிருந்து லேப்டாப்புக்கு வைஃபை வேண்டாம், கேட்-6 கேபிள் இழுங்கள். 90 மீட்டர் வரை கவலையில்லாமல் போகும். ஐந்நூறு போன்கள் இருக்கும் மண்டபத்தில் வைஃபை காற்றிலேயே மோதிக்கொள்ளும். ரவுட்டர் மாடியில் வெயிலில் வேகக்கூடாது, நிழல் பார்த்து வையுங்கள்.

5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவுகிறதா என்று பாருங்கள். தாவும் ஒவ்வொரு முறையும் இணைப்பு சில நொடி அறுகிறது. 4ஜியில் பூட்டிவிடுங்கள். வேகம் குறைந்தாலும் அறாமல் வரும் லைன்தான் லைவுக்கு வேண்டும். அஞ்செட்டி, தளி மாதிரி எல்லையோர ஊர்களில் போன் கர்நாடகப் பக்கத்து டவருக்கும் நம் டவருக்கும் தாவுவது உண்டு. போனைக் கையில் வைத்து நடக்காமல் ஒரே இடத்தில் கட்டிவைத்தாலே பாதி குறையும்.

லேப்டாப்பில் பின்னால் என்ன ஓடுகிறது? விண்டோஸ் அப்டேட்டும், போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றும் ஆப்பும் லைனைத் தின்னும். அந்த நெட் இணைப்பை விண்டோஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட்டால் பெரும்பாலானவை அடங்கும். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாப்பிள்ளையின் நண்பர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

### முகூர்த்த நேரத்தில் மட்டும் நின்றால்

டவர் நெரிசல். முந்தின நாள் மாலை காலி மண்டபத்தில் வேகம் பார்த்து 'அப்லோடு 12 எம்பிபிஎஸ் வருது' என்று 6000 கேபிபிஎஸ் வைத்துவிடுவார்கள். மறுநாள் தாலி கட்டும்போது எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்டேட்டஸ் ஏற்றுவார்கள், அப்லோடு 2க்கு வந்துவிடும். கூட்டம் இருக்கும்போது, ரிசப்ஷன் நேரத்தில், மூன்று தடவை சோதியுங்கள். மூன்றில் குறைந்த எண்ணை எடுத்து அதில் பாதியை மொத்த பிட்ரேட்டாக வையுங்கள். டவுன்லோடு எண்ணுக்கு இங்கே வேலையே இல்லை.

அப்லோடு 10க்குக் குறையாமல் நின்றால் 1080, 4500 கேபிபிஎஸ். 5 அல்லது 6 என்றால் 720, 2500 கேபிபிஎஸ். 2 என்றால் 480, 900 கேபிபிஎஸ். 720ல் அறாமல் ஓடும் லைவைப் பார்த்து யாரும் குறை சொன்னதில்லை. தாலி கட்டும்போது நின்ற 1080ஐ யாரும் மன்னித்ததில்லை.

ஓபிஎஸ்ஸின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் நெரிசலுக்கேற்ப பிட்ரேட்டைத் தானாகக் குறைக்கும் வசதியையும், அறுந்தால் தானாக மறுபடி இணையும் வசதியையும் டிக் செய்யுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் 'ஆட்டோ ஸ்டாப்' அணைந்திருக்க வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். அது இயங்கும் நிலையில் லைன் அறுந்தால் யூடியூப் நிகழ்ச்சியையே முடித்துவிடும். பத்திரிகையில் அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பிய லிங்க் அதோடு செத்தது. அணைத்து வைத்திருந்தால் அதே ஸ்ட்ரீம் கீயில் திரும்ப இணைந்ததும் அதே லிங்க்கில் படம் தொடரும்.

அடுத்த படி, வேறு கம்பெனி சிம் போட்ட இரண்டாவது ரவுட்டர். எந்தக் கம்பெனி எடுக்கும் என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். மண்டப மேனேஜர் வாய்வார்த்தையை வைத்து முடிவு செய்யாமல் நேரில் சோதியுங்கள்.

அதற்கும் மேல் ஃபைபர். மண்டபத்தில் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ இருக்கும். கேட்டு வாங்கி கேபிள் இழுப்பதுதான் எல்லாவற்றிலும் நம்பகமான வழி. உள்ளூர் கேபிள் டிவிக்காரர் சில நாளுக்கு லைன் இழுத்துத் தரவும் கூடும். இரண்டு மூன்று சிம்மை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் பாண்டிங் கருவி விலை அதிகம். தேர்வீதியில் நகர்ந்துகொண்டே லைவ் கொடுக்கும் வேலைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக மின்னினால் கண்ணாடி நாரில் ஒளி வரவில்லை. நீங்கள் செய்ய எதுவும் இல்லை, லைன்காரரை அழையுங்கள். அந்த மெல்லிய கேபிளைச் சுருட்டி மடக்கி மேசைக்கடியில் திணித்ததால் உடைந்த கேஸ்களே பாதி.

வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைக்கிராமங்களிலும் ஒகேனக்கல் பள்ளத்தில் ஆடிப் பதினெட்டுக் கூட்டத்திலும் லைவ் ஒத்துக்கொள்ளும் முன் நேரில் போய் அப்லோடு பாருங்கள். 1 எம்பிபிஎஸ்கூட நிலையாக நிற்கவில்லை என்றால் பதிவு செய்து, கீழே இறங்கி ஏற்றித் தருவதாக முன்பே சொல்லிவிடுங்கள்.

## "படம் கட்டங்கட்டமா ஒடையுது"

நிற்காமல் ஓடுகிறது, ஆனால் அட்சதை தூவும்போது, கூத்தாடி சுழலும்போது சதுரம் சதுரமாகச் சிதறுகிறது.

கேட்பவர் போன் தானாக 240க்கு இறங்கியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், இருக்கும் பிட்ரேட்டுக்குப் படம் பெரிதாக இருக்கிறது. 1080ஐ 720 ஆக்குங்கள், 50 ஃபிரேமை 25 ஆக்குங்கள். ரேட் கண்ட்ரோல் சிபிஆர் (பிட்ரேட் ஏறி இறங்காமல் ஒரே அளவில்), கீஃபிரேம் (முழுப் படமாக அனுப்பும் ஃபிரேம்) இடைவெளி 2 நொடி. இந்த இடைவெளியை 'ஆட்டோ'வில் விடுவதால் வரும் தொல்லைகள் நிறைய. யூடியூப் 4 நொடிக்கு மேல் போனாலே எச்சரிக்கை காட்டும்.

இரவுக் கூத்தில் இன்னொரு காரணம் உண்டு, பலருக்கும் பிடிபடாதது. வெளிச்சம் போதாமல் கேமராவில் கெயினை (படத்தைச் செயற்கையாகப் பிரகாசமாக்கும் அளவை) ஏற்றினால் இருட்டுப் பகுதியெல்லாம் பொடிப்பொடியாக நெளியும். அந்தப் பொடி ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் படத்தைச் சுருக்கும் என்கோடர் அதை அசைவு என்று எடுத்துக்கொண்டு பிட்டையெல்லாம் அங்கே செலவழிக்கும். முகத்துக்கு மிச்சமே இருக்காது. கெயினை இறக்கி, திடலின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக 100 வாட் எல்இடி ஃபோகஸ் ஏற்றிப் பாருங்கள். அதே 2500 கேபிபிஎஸ்ஸில் படம் தெளிந்துவிடும். லென்ஸ் மாற்றும் செலவுக்கு முன் விளக்குச் செலவைச் செய்யுங்கள்.

## "பதிவே திக்கித் திக்கி இருக்கு"

என்கோடிங் லேக் ஏறுகிறது. சார்ஜர் கழன்றிருக்கிறதா? பேட்டரியில் ஓடும் லேப்டாப் பிராசஸரைத் தானே அடக்கிக்கொள்ளும். மின்சேமிப்பு முறையை அணையுங்கள். பிரவுசரை மூடுங்கள். பதிவு பென்டிரைவில் போகிறது என்றால் உள் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், இடம் மீதியையும் பாருங்கள்.

பிறகு என்கோடரை, பிராசஸரைத் தின்னும் எக்ஸ்264லிருந்து, கிராபிக்ஸ் சிப் வேலை செய்யும் குவிக்சிங்க் அல்லது என்விஎன்க்குக்கு மாற்றுங்கள். இன்டெல் லேப்டாப் பெரும்பாலானவற்றில் முன்னது இருக்கும், என்விடியா கார்டு இருந்தால் பின்னது. இரண்டும் இல்லாத பழைய லேப்டாப்பில் எக்ஸ்264 பிரிசெட்டை 'வெரிஃபாஸ்ட்'டிலிருந்து 'சூப்பர்ஃபாஸ்ட்'டுக்கு.

முதல் அரை மணி நன்றாக ஓடி அப்புறம் திக்கினால் சூடு. சித்திரை, வைகாசி முகூர்த்தம், தகரக் கூரை, பக்கத்தில் மேடை விளக்கு, மேசையில் விரித்த சால்வை காற்றுத் துளையை மூடியிருக்கும். சால்வையை எடுத்துவிட்டு, அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துத் தூக்கி, டேபிள் ஃபேன் திருப்புங்கள். அப்படியும் சூடு இறங்காவிட்டால் உள்ளே தூசி அடைத்திருக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்கள். அந்தச் செலவு புது லேப்டாப்பில் ஒரு துளிகூட இல்லை.

## "சத்தம் சரியில்ல"

படம் சற்று மங்கினாலும் பார்ப்பார்கள். ஒலி கெட்டால் அடுத்த நிமிடம் மூடிவிடுவார்கள். இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

### சத்தமே இல்லை

மீட்டர் அசைகிறதா பாருங்கள். அசையவில்லை என்றால் மியூட், தவறான சாதனம், கழன்ற பின், இந்த வரிசை. மிக்சரில் 'ரெக் அவுட்' அல்லது 'ஆக்ஸ்' எடுத்திருந்தால் சவுண்டு செட் அண்ணனிடம் அந்தக் குமிழைத் திறந்திருக்கிறாரா என்று கேளுங்கள். மேடையில் சத்தம் கேட்பதால் நமக்கும் வருகிறது என்று அர்த்தமில்லை.

மீட்டர் அசைந்தும் லைவில் ஒலி இல்லை என்றால் 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' திறங்கள். 'மானிட்டர் ஒன்லி' என்று இருந்தால் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். டிராக் 1 டிக் இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

### ஹெட்போனில் கேட்கிறது, போன் ஸ்பீக்கரில் காணோம்

ஆளைக் குழப்புவதில் முதலிடம் இதற்கு. நீங்கள் ஹெட்போன் மாட்டி 'நல்லாத்தான் வருது' என்பீர்கள், வீட்டில் போனில் பார்ப்பவர்களுக்கு ஐயர் மந்திரம் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டை ஸ்டீரியோ பின் வைத்து நேராக லேப்டாப்பிலோ கேமராவிலோ சொருகியதால் வருவது. ஒரே ஒலி இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் போகிறது. ஹெட்போனில் இரண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் போனில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துவிடும்.

சோதனை சுலபம். ஓபிஎஸ்ஸில் அந்த ஒலிக்கு 'மோனோ' டிக் செய்யுங்கள். சத்தம் கூடாமல் மடமடவென்று இறங்கினால் இதுதான். மிக்சர் பக்கம் இரண்டு கோடு போட்ட பின்னுக்குப் பதில் ஒரு கோடு போட்ட மோனோ பின் கேபிள் மாட்டினால் பெரும்பாலும் தீரும். அவுட் எக்ஸ்எல்ஆர் என்றால் இடையில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின் இணைப்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) போடுங்கள்.

### கரகரப்பு, கிழிசல்

மிக்சரின் லைன் அவுட்டைக் கேமராவின் மைக் இன்னில் சொருகினால் உள்ளே நுழையும்போதே கிழிந்துவிடும். ஓபிஎஸ்ஸில் குறைத்து என்ன பயன்? கேமரா மெனுவில் உள்ளீட்டை 'லைன்' ஆக்குங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ஒலி அளவைக் குறைத்து அனுப்பும் அட்டெனுவேட்டர் கேபிள் வாங்குங்கள். ஓசூர் பக்கத்தவர்களுக்கு பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எளிதாகக் கிடைக்கும்.

அளவை யாரோ 'ஹலோ மைக் டெஸ்டிங்' சொல்லும்போது வைக்காதீர்கள். தவிலும் நாதஸ்வரமும் கெட்டிமேளம் வாசிக்கும்போது உச்சி எவ்வளவு போகிறது என்று பார்த்து, அது ஓபிஎஸ் மீட்டரில் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல் ஏறாதபடி வையுங்கள். பேச்சு அப்போது மைனஸ் 20 பக்கம் இருக்கும். கம்ப்ரஸர் ஒன்று போட்டுப் பேச்சைத் தூக்கி, கடைசியில் மைனஸ் 6ல் லிமிட்டர் போடுங்கள். கூத்தில் கூடுதலாக ஒரு வேலை: முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் பின்பாட்டுக்காரர்களும் இருக்கும் பக்கம் ஒரு தனி மைக். ஆட்டக்காரர்களுக்கு மேலே தொங்கும் மைக் அந்தப் பக்கத்தைச் சரியாக எடுக்காது.

### 'ம்ம்ம்' என்று ஓயாத இரைச்சல்

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் லூப். லேப்டாப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு லைனிலும் இருக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவாருங்கள். தீராவிட்டால் ஒலிக் கேபிளுக்கு நடுவில் அதே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது 'கிரவுண்டு லிஃப்ட்' உள்ள டிஐ பாக்ஸ். ஒலிக் கேபிளும் கரண்ட் ஒயரும் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தால் பிரித்துப் போடுங்கள்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரைச்சலை நிறுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஈரத் தரையில், இரும்புப் பந்தலில், அந்த ஒரு பின்தான் உயிரைக் காக்கிறது. மைக்கைத் தொட்டால் சுரீர் என்றாலோ, மிக்சர் உடம்பில் டெஸ்டர் எரிந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், அதற்குமேல் நீங்கள் சோதிக்க வேண்டாம். எலக்ட்ரீஷியன் வந்து ஜெனரேட்டர் எர்த்தையும் நியூட்ரலையும் பார்த்த பிறகுதான் லைவ்.

## "வாய் ஒண்ணு, பேச்சு ஒண்ணு"

ஆரம்பத்திலிருந்து ஒரே அளவு விலகலா, போகப் போகக் கூடுகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரே அளவு என்றால் கேப்சர் கார்டு வழியே படம் தாமதமாக வருகிறது, மிக்சர் ஒலி முந்திக்கொள்கிறது. கேமரா முன் ஒருவரை நிறுத்தி, மைக் பக்கத்தில் கை தட்டச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கை சேரும் ஃபிரேமுக்கும் ஒலிக்கும் எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 25 ஃபிரேமில் ஒன்றுக்கு 40 மில்லி செகண்டு. நான்கு ஃபிரேம் என்றால் 'சிங்க் ஆஃப்செட்'டில் 160. கேமரா தள்ளி நின்று அதன் சொந்த மைக்கில் எடுத்தால் ஒலி பிந்தும், 17 மீட்டருக்கு 50 மில்லி செகண்டு.

கூடிக்கொண்டே போனால் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்ற எண்) ஒத்துப்போகவில்லை. கேமரா, விண்டோஸ் ஒலி அமைப்பு, ஓபிஎஸ் மூன்றிலும் 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். அப்படியும் விலகினால் ஒலியை எச்டிஎம்ஐயோடு சேர்த்துக் கேமரா வழியாகவே கொண்டுவருவது உறுதியான வழி.

போனில் எடுத்த காட்சிகளை எடிட்டிங்கில் சேர்க்கும்போது மட்டும் விலகினால் காரணம் வேறு. போன் ஃபிரேம் வேகத்தை இருட்டு வெளிச்சத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே எடுக்கும். ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' கொடுத்து மாற்றிவிட்டு எடிட்டிங்கில் போடுங்கள்.

## "கேமரா கருப்பா இருக்கு"

வேறு ஆப் கேப்சர் கார்டைப் பிடித்திருக்கிறதா? மூடுங்கள். ஓபிஎஸ்ஸில் அந்த சோர்ஸை 'டிஆக்டிவேட்' செய்து திரும்ப 'ஆக்டிவேட்' செய்யுங்கள். கேமராவின் எச்டிஎம்ஐ வெளியீடு 4கேயில் இருந்தால் 1080க்கு இறக்குங்கள், பல கார்டுகள் அதற்குமேல் எடுக்காது. இரண்டு கார்டுகளை ஒரே யுஎஸ்பி ஹப்பில் மாட்டினால் ஒன்று மட்டும் வரும். லேப்டாப்பின் இரு பக்கத்துப் போர்ட்டுகளில் தனித்தனியாக மாட்டுங்கள்.

அரை மணிக்கொரு தடவை போய் வந்தால் கேமராவின் பவர் சேவ். மெனுவில் அணையுங்கள். சில கேமராக்கள் கார்டில் பதியும்போது 29 நிமிடம் 59 நொடியில் நிறுத்திவிடும். லைவுக்கு எச்டிஎம்ஐ மட்டும் போதும், கார்டில் பதிய வேண்டாம், சூடும் குறையும்.

யாராவது காலில் தட்டும்போதெல்லாம் போனால் கேபிள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ, அல்லது எஸ்டிஐ (நீளக் கேபிளில் படம் அனுப்பும் முறை) கன்வர்ட்டர் இரண்டும் நல்ல ஆர்ஜி6 கேபிளும். பின்னது நடந்து மிதித்தாலும் தாங்கும், அறுந்தால் தலையை மாற்றிப் பஞ்ச் செய்துகொள்ளலாம். கேமராவின் மைக்ரோ எச்டிஎம்ஐ துளையே ஆடினால் டேப் ஒட்டி ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொடுங்கள். தள்ளிப்போட்டால் மெயின் போர்டு வரை போகும்.

## "கோடு கோடா ஓடுது, லைட்டு துடிக்குது"

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள், ஆட்டோ வேண்டாம். கேமரா 'பிஏஎல்' (PAL) முறையில் 25 அல்லது 50 ஃபிரேம், ஓபிஎஸ்ஸிலும் அதே எண். கேமரா 25, ஓபிஎஸ் 30 என்று கலந்தால் கேமராவைத் திருப்பும்போது வெட்டி வெட்டி வரும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் பட்டை மெதுவாக மேலேறினால் அதன் வேகம் 50லிருந்து நகர்ந்திருக்கிறது. கேமராவில் ஷட்டரை நுண்ணிய அளவில் மாற்றும் வசதி இருந்தால் பட்டை நிற்கும் வரை திருப்புங்கள். இல்லையென்றால் ஜெனரேட்டர்காரரைக் கூப்பிடுங்கள். மேடைப் பின்னணி எல்இடி வாலில் (பெரிய சுவர்த் திரையில்) மட்டும் கோடு என்றால் வால் ஆபரேட்டரிடம் ரிஃப்ரெஷ் ரேட்டைக் கூட்டச் சொல்லுங்கள், 3840 ஹெர்ட்ஸ் இருந்தால் அதை.

கை அசைத்தால் ஓரம் சீப்புப் பல்போல் தெரிந்தால் விளக்கின் தவறல்ல. கேமரா 50ஐயில் (ஒரு படத்தை இரண்டு பாதியாகப் பிரிக்கும் இன்டர்லேஸ்டு முறை) அனுப்புகிறது. 25பி அல்லது 50பிக்கு மாற்றுங்கள். பழைய கேமராவில் முடியாவிட்டால் ஓபிஎஸ்ஸில் சோர்ஸை வலது கிளிக் செய்து 'டிஇன்டர்லேசிங்', 'யாடிஃப்'.

## "லைவ் பட்டனே அமுங்கல", "வீடியோவைக் காணோம்"

புதுச் சேனலில் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். முகூர்த்தத்தன்று காலையில் சேனல் ஆரம்பித்தால் ஒன்றும் செய்ய முடியாது. போன் ஆப்பிலிருந்து லைவ் கொடுக்க 50 சந்தாதாரர்கள் வேண்டும், ஓபிஎஸ் வழியாக என்றால் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

நடுவில் படம் மறைந்து அறிவிப்பு அட்டை வந்தால் பாட்டு உரிமை. ரிசப்ஷன் டிஜே சினிமாப் பாட்டு போட்ட கையோடு மிக்சர் ஒலியை இறக்கி, கேமரா மைக்கையும் மூடி, அறிவிப்பாளர் மைக்கை மட்டும் விடுங்கள். தொடர்ந்து ஓடினால் லைவையே நிறுத்திவிடுவார்கள்.

லைவ் 12 மணி நேரத்துக்குள் முடிந்தால் யூடியூப் தானாகச் சேமிக்கும். சாயந்திரம் தேர் இழுப்பில் தொடங்கி மறுநாள் காலை படுகளம் வரை ஒரே ஓட்டமாக விட்டால் எல்லை தாண்டும். நள்ளிரவில் முடித்து இரண்டாவது லிங்க் போடுங்கள். முடித்தவுடன் பார்த்தால் 360ல் மங்கலாக இருக்கும், மேல் தரம் தயாராகச் சில மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம்.

கரண்ட் போய்ப் பதிவு திறக்காமல் போனால் அது எம்பி4 பதிவு. கோப்பை மூடும் முன் மின்சாரம் போனால் எம்பி4 பெரும்பாலும் பாழ். ஓபிஎஸ்ஸில் பதிவை எம்கேவியில் வையுங்கள், எந்த நொடியில் அறுந்தாலும் அதுவரை பதிந்தது கிடைக்கும். பிறகு 'ஃபைல்' மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். ஏற்கெனவே பாழான எம்பி4 இருந்தால் அந்த டிஸ்கில் மேலே எதையும் எழுதாமல், கோப்பை அழிக்காமல், அதே கேமரா, அதே செட்டிங்கில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றோடு சேர்த்து டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். நல்ல கோப்பை மாதிரியாக வைத்துத்தான் உடைந்ததை அவர் கட்ட முடியும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தப் பத்திருபது நொடிக்கு லேப்டாப் தாங்கும், ரவுட்டர் தாங்காது. 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை ரவுட்டரோடு கட்டியே வையுங்கள். கேமராவில் டம்மி பேட்டரி போட்டு நேரே பிளக்கில் மாட்டியிருந்தால் அதுவும் அணையும். நிஜப் பேட்டரி போட்டு, யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும் கேமராவானால் பவர் பேங்க்கில் மாட்டுங்கள்.